கிடங்கு என்னும் சொல்: சதுரங்கப்பட்டினக் கோட்டையை உள்நாட்டிலிருந்து வாசித்தல்

காஞ்சிபுரம் வட்டாரத்தின் தறி ஊரான தாமலில் நின்றுகொண்டு ஒரு கடற்கரைக் கோட்டையைப் பற்றிப் பேசுவது சற்று விபரீதமாகத் தோன்றலாம். இந்த ஊருக்குத் தெரிந்த பெரிய நீர்ப்பரப்பு தாமல் ஏரி. கடல் இங்கிருந்து ஒரு நாள் நடையில் எட்டும் தூரத்தில்கூட இல்லை. ஆனாலும் சதுரங்கப்பட்டினத்தில் இடிந்து கிடக்கும் கோட்டையைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை என்பதே இன்றைய என் வாதம். அந்தக் கோட்டையின் வரலாறு இதுவரை கடலைப் பார்த்தே எழுதப்பட்டிருக்கிறது: எந்தக் கப்பல் வந்தது, எந்தக் கொடி ஏறியது, எந்தக் கொடி இறங்கியது. அதைத் திருப்பி, நிலத்தைப் பார்த்து, தறியிலிருந்து தொடங்கி எழுதினால்தான் அந்தச் செங்கற்கள் ஏன் அங்கே அடுக்கப்பட்டன என்பதும், பிறகு ஏன் கவனிப்பாரற்றுப் போயின என்பதும் விளங்கும். இந்த வாதத்துக்குத் தமிழே ஒரு திறவுகோலைத் தருகிறது. பழந்தமிழில் கிடங்கு என்றால் அகழி. சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடனின் ஊர் கிடங்கில், இன்றைய திண்டிவனத்தை ஒட்டியது. அகழி சூழ்ந்த கோட்டை ஊர் என்பதைப் பெயரே காட்டிவிடுகிறது. இன்று கிடங்கு என்றால் சரக்கு வைக்கும் இடம். இந்தியாவெங்கும் புழங்கும் ‘கோடவுன்’ என்ற சொல்லை மலாய் ‘குடாங்’ வழியாகத் தெலுங்குக் கிட்டங்கிக்கும் நம் கிடங்குக்கும் கொண்டுபோகும் அகராதிக்காரர்கள் உண்டு. கோட்டைக்குக் காவலான பள்ளமும் சரக்குக்குக் காவலான அறையும் ஒரே சொல்லுக்குள் வந்து குடியேறியதைத் தற்செயல் என்று தள்ளிவிடலாம். சதுரங்கப்பட்டினத்தை நேரில் பார்த்தவர்களுக்கு அப்படித் தள்ள மனம் வராது.

கோட்டை இருக்கும் இடத்தை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குப் பக்கத்தில், கடலலை கேட்கும் தூரத்தில் அது நிற்கிறது. நாட்டுச் செங்கல், சுண்ணாம்புச் சாந்து. வாசலில் பீரங்கிகள். உள்ளே டச்சு எழுத்தும் குலச்சின்னமும் செதுக்கிய கல்லறைப் பலகைகள், 17, 18ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியத் தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தபோது சீனப் பீங்கான் சில்லுகளும் களிமண் புகைக்குழாய்களும் கிடைத்தன. வருகிறவர்கள் பீரங்கியோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள், கல்லறைகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள், போய்விடுகிறார்கள். அந்த வளாகத்தில் நீளத்திலும் கனத்திலும் கண்ணை நிறைப்பவை கிடங்குகள்தான். அவற்றின் முன் அதிகம் பேர் நிற்பதில்லை. வீரர்கள் தங்கும் இடத்தைவிடச் சரக்கு தங்கும் இடம் பெரிதாக உள்ள கோட்டை என்றால், அதைக் கட்டியவர்களின் கவலை எது என்று கேட்கத்தானே வேண்டும்? கோட்டைக்குத் தெற்கே சில கிலோமீட்டரில், பல்லவன் இராஜசிம்மனின் வம்சாவளிக் கல்வெட்டால் பெயர்பெற்ற வயலூருக்கு அருகே, பாலாறு கடலில் கலக்கிறது. காஞ்சிபுரத்தைத் தொட்டு ஓடும் அதே பாலாறு. அதில் ஓடம் விட்டுச் சரக்கு இறக்கியதாக யாரும் கற்பனை செய்ய வேண்டாம். ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு அது. சரக்கு போனது பொதிமாட்டின் முதுகிலும் ஆள் தலையிலும். ஆனால் தறி ஊர்களையும் ஏரிகளையும் சந்தைகளையும் ஒரு கோவையாக மாலை கட்டிக் கடல்வரை இழுத்துப்போன நாடு அந்த ஆற்றுப் படுகை.

டச்சுக்காரர் வந்த பிறகுதான் அங்கே ஒரு துறை உண்டானது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ‘டச்சுக் கோட்டை’ என்ற பெயர்ப்பலகையே அப்படி நினைக்க வைக்கிறது. உண்மையில் 14ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே அந்த ஊர் ஓர் அரசனின் பெயரைத் தாங்கிவிட்டது. படைவீட்டிலிருந்து தொண்டைமண்டலத்தை ஆண்ட இராஜநாராயண சம்புவராயர் காலத்தில் அதற்கு இராஜநாராயணன் பட்டினம் என்று பெயர். சோழப் பேரரசு கலைந்த பின், தெற்கே மதுரை சுல்தான்களும் மேற்கே ஹொய்சளரும் நெருக்கிய காலத்தில் தலைநிமிர்ந்த சிற்றரசு மரபு அது. சில பத்தாண்டுகளில் குமார கம்பணன் தலைமையில் வந்த விஜயநகரப் படை அதை அடக்கியது, அந்தப் படையெடுப்பைக் கம்பணனின் தேவி கங்காதேவி மதுரா விஜயம் என்ற காவியமாகவே பாடினாள். ஆயுள் குறைந்த அந்த அரசு தன் பெயரை ஒரு மலைக்கோட்டைக்கு வைக்காமல் மீனவர் துறை ஒன்றுக்கு ஏன் வைக்க வேண்டும்? பட்டினம் என்றால் சுங்கம். சுங்கம் என்றால் ரொக்கம். நிலவரி நெல்லாக வரும், குதிரை வாங்க நெல் உதவாது. ஊரில் உள்ள மலைமண்டலப் பெருமாள் கோயிலின் பெயரும் மலையாளக் கரையோடு அந்தத் துறைக்கு இருந்த உறவைச் சொல்லிக்கொண்டே நிற்கிறது. ஆக, டச்சுக்காரர் வந்து இறங்கியது வெறும் மணலில் இல்லை. ஏற்கெனவே வாங்கவும் விற்கவும் பழகிய ஒரு பட்டினத்தில்.

சரக்கைச் சுற்றி மதில் எழுப்பி ஆயுதம் ஏந்திய ஆளை நிறுத்துவது ஐரோப்பியர் கற்றுத்தந்த வித்தை என்பதும் சரியன்று. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் முதலிய வணிகக் குழுக்கள் 11ஆம் நூற்றாண்டிலேயே சில ஊர்களை எறிவீரபட்டினம், வீரபட்டினம் என்று அறிவித்திருக்கின்றன. மதனப்பள்ளிப் பக்கத்துப் பாசினிகொண்டா கல்வெட்டும், பொன்னேரிப் பக்கத்துக் காட்டூர்க் கல்வெட்டும் இதற்குச் சான்று. வணிகரின் சொந்தக் காவல்வீரர்கள் காக்கும் சந்தை ஊர்கள் இவை. இன்னொரு வகைக் காவலும் இருந்தது. 1244இல் காகதீய அரசன் கணபதிதேவன் மோட்டுப்பள்ளித் துறையில் ஒரு அபய சாசனம் வெட்டினான்: புயலில் உடைந்து கரை ஒதுங்கும் கப்பலின் சரக்கை முன்பு அரசர் பறித்துக்கொண்ட வழக்கம் இனி இல்லை, குறித்த தீர்வை கட்டினால் போதும் என்று. ஆயுதக் காவலும் அரசச் சொல்லின் காவலும் இந்தக் கரை முன்பே அறிந்தவை. டச்சுக்காரரின் கோட்டை இவ்விரண்டையும் ஒரே வளாகத்துக்குள் கொண்டுவந்து, கணக்குப் புத்தகம் ஒன்றையும் சேர்த்துக்கொண்டது. அந்தக் கணக்குப் புத்தகம் புதிது என்பதை மறுக்கவில்லை.

அந்தக் கோட்டைக்கு ஏன் அவ்வளவு பெரிய கிடங்கு? விடை மொலுக்காத் தீவுகளில் இருக்கிறது. 1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வேண்டியது கிராம்பு, ஜாதிக்காய், மிளகு. ஆனால் கீழைத் தீவுகளில் அவற்றை விற்றவர்கள் கேட்டது சோழமண்டலத் துணி. இதை உணர்ந்துதான் 1612இல் கம்பெனி அதிகாரி ஹென்ட்ரிக் பிரௌவர் சோழமண்டலக் கரையை மொலுக்காக்களின் இடக்கை என்று குறிப்பிட்டார். மறு ஆண்டே பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. டச்சு ஆவணங்கள் அதைக் ‘காஸ்டீல்’ என்றே பெருமையாக எழுதின. சதுரங்கப்பட்டினத்தில் அவர்கள் வணிக இல்லம் அமைத்தது அந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில். இப்போது தறியையும் கப்பலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தறி நாள்தோறும் சாண் சாணாகத் துணி தருகிறது. கப்பலோ பருவம் பார்த்து வருகிறது. வடகிழக்குப் பருவக்காற்று சீறும் ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கரையில் நங்கூரம் போட்டு நிற்கத் துணிந்தவர் குறைவு. துறைமுகச் சுவர் கிடையாது, கப்பல் ஆழத்தில் நிற்கும், கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலையைத் தாண்டிச் சரக்கைக் கொண்டுபோகும். மழைக்காலம் தறிக்கும் ஆகாது. தெருவில் பாவு விரித்துக் கஞ்சி தோய்க்க வெயில் வேண்டும் என்பதை இந்த ஊரில் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாண் சாணாக வருவதைக் கப்பல் கணக்கில் சேர்த்து, மாதிரித் துணியோடு ஒப்பிட்டுத் தரம் பிரித்து, வெளுக்க வேண்டியதை வெளுக்கக் கொடுத்து, பொதி கட்டி, ஈரமும் கரையானும் எலியும் தீயும் திருடனும் அண்டாமல் மாதக்கணக்கில் வைத்திருக்க ஓர் இடம் தேவை. கனத்த செங்கற்சுவர் பீரங்கிக் குண்டைவிடக் கடற்காற்றின் ஈரத்துக்கு அதிகம் அஞ்சியது என்று நான் சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றலாம். துணிப்பொதி காத்தவருக்கு அது மிகையாகத் தெரியாது.

இதற்கு உடனே எழும் மறுப்பு: கிடங்கு என்றால் கொத்தளம் எதற்கு, பீரங்கி எதற்கு? நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பீரங்கிகள் சாதித்தது என்ன என்று கணக்கெடுத்தால் கேள்வியின் கூர்மை குறையும். நான்காம் ஆங்கிலேய–டச்சுப் போரின்போது 1781இல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தார்கள். போர் முடிந்ததும் திருப்பிக் கொடுத்தார்கள். 1795இல் மறுபடி எடுத்துக்கொண்டார்கள். 1818இல் மறுபடி கொடுத்தார்கள். 1825இல் நிரந்தரமாகப் பெற்றார்கள். வாங்கியதும் கொடுத்ததும் பெரும்பாலும் ஐரோப்பாவில் மை தொட்டு எழுதிய தாள்களால் நடந்தவை. செஞ்சி போலவோ வந்தவாசி போலவோ முற்றுகைக் கதை எதுவும் இந்தக் கோட்டையைச் சுற்றி வளரவில்லை. சதுரங்கப்பட்டினத்தின் ஐரோப்பியப் பெயரால் ‘சட்ராஸ் போர்’ என்று ஒன்று நூல்களில் உண்டே என்பீர்கள். 1782 பிப்ரவரி 17இல் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரானும் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் மோதியது நடுக்கடலில். கோட்டை தன் பெயரை இரவல் கொடுத்ததோடு சரி. இன்னும் நல்ல சான்று 1754. கர்நாடகப் போரில் மோதிக்கொண்டிருந்த பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் சமாதானம் பேச அந்த ஜனவரியில் கூடிய இடம் சதுரங்கப்பட்டினம். ஆங்கிலேயர் தரப்பில் வந்தவர்கள் வான்சிட்டார்ட்டும் பால்க்கும்; பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் தரப்பு காட்டிய சனதுகள், அதாவது அரச ஆணைகள், செல்லுமா செல்லாதா என்ற தகராறில் பேச்சு முறிந்தது. முறிந்தது இங்கே முக்கியமில்லை. இரு பகைவரும் அச்சமின்றி வந்து உட்கார ஏற்ற இடமாக அந்தக் கோட்டை இருந்தது. போரில் சேராத கடைக்காரரின் கூரைக்குக் கிடைக்கும் மரியாதை அது. பீரங்கி இருந்தது உண்மை. நகைக்கடை வாசலில் துப்பாக்கியோடு காவலாளி நிற்கிறார் என்பதால் அதை ராணுவ முகாம் என்று நாம் சொல்வதில்லையே.

காஞ்சிபுரம் வட்டாரத்தாரிடமிருந்து வரக்கூடிய மறுப்பு வேறு வகை. காஞ்சி என்றால் பட்டு, கோர்வைக் கரை, சரிகை. கப்பலில் போனதோ பருத்தி. இரண்டுக்கும் என்ன முடிச்சு? பட்டுநூல் இந்த மண்ணில் விளைவதன்று, வெளியிலிருந்து வருவது. இன்று உலகமறிந்த காஞ்சிப் பட்டின் புகழ், இந்த வட்டாரத்தின் நீண்ட நெசவு வரலாற்றில் கடைசி அத்தியாயங்களுக்கு உரியது. அதற்கு முந்திய பல அத்தியாயங்கள் பருத்தியால் ஆனவை: நீளத் துணிகள், மெல்லிய சல்லாக்கள், சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் ஏறிய துணிகள். காஞ்சியின் ஒவ்வொரு தறியும் சதுரங்கப்பட்டினத்துக்காகவே ஓடியது என்பது என் வாதமன்று. கோயிலுக்கும் உள்ளூர்ச் சந்தைக்கும் பிற துறைகளுக்கும் துணி போனது. பழவேற்காடும், 1639க்குப் பிறகு சென்னையும், இதே நாட்டுத் தறிகளைத்தான் நாடின. அந்தப் போட்டியே என் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. கரையில் இத்தனை கம்பெனிகள் ஏன் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகக் கோட்டை கட்டின? கடல் எங்கும் ஒன்றுதான், கரையும் பெரும்பாலும் ஒன்றுதான், நல்ல துறைமுகம் எங்குமே இல்லை. ஒரு மணல்மேட்டை விட்டு இன்னொன்றைத் தேர்ந்தெடுக்கக் காரணமாக இருந்தது பின்னால் உள்ள நாடு.

கோட்டையைக் கிடங்கு என்று சொல்வது அடிமைப்படுத்தியவர்களின் கதையை மென்மையாக்குவதாகாதா என்று கேட்பவர்களுக்கு நான் சற்று விரிவாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வாதத்தில் உள்ள உண்மையான ஆபத்து இதுதான். கிடங்கு என்ற சொல்லுக்குள் கருணை எதுவும் இல்லை. இதே டச்சுக் கம்பெனி 17ஆம் நூற்றாண்டின் பஞ்ச ஆண்டுகளில், பட்டினியால் தம்மையும் பிள்ளைகளையும் விற்றவர்களை இந்தக் கரையின் துறைகள் வழியாக விலைக்கு வாங்கி, படேவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) இலங்கைக்கும் ஏற்றியது. பஞ்சம் வந்த ஆண்டில் துணி குறையும், மனிதர் மலிவர். கணக்குப் புத்தகத்தில் இரண்டும் சரக்குப் பட்டியலில்தான் ஏறின. அதோடு முடியவில்லை. சோழமண்டலத் துணியில் ஒரு வகைக்கு ஐரோப்பியர் வைத்த பெயர் ‘கினி’த் துணி, மேற்கு ஆப்பிரிக்கக் கரையான கினியின் பெயர் அது. அங்கே அந்தத் துணி கொடுத்து வாங்கப்பட்டவற்றில் மனிதரும் உண்டு. இன்றைய கானாவில் உள்ள எல்மினா கோட்டை நெடுங்காலம் டச்சுக்காரர் கையில் இருந்தது. அதன் கிடங்குகளில் அடைபட்டவர்கள் ஆணும் பெண்ணும். போர்க்கோட்டையாக இருந்திருந்தால் அதன் கொடுமை போர் நடக்கும் நாளோடு நின்றிருக்கும். கிடங்குக்கு ஓய்வு நாள் கிடையாது. ஆகவே கிடங்கு என்று சொல்வதால் குற்றம் குறையவில்லை, அது எங்கே நிகழ்ந்தது என்பது துல்லியமாகிறது.

சான்றுகள் எல்லாம் டச்சு மொழியில் இருக்க, தறியிலிருந்து வரலாறு எழுதுவது எப்படி என்பது ஆய்வாளர்கள் எழுப்பக்கூடிய ஐயம். யாழ்ப்பாணத்துத் தமிழரான சி. அரசரத்தினம் இதற்கு வழி காட்டியிருக்கிறார். 1986இல் வெளிவந்த அவருடைய சோழமண்டல வணிக நூல் கம்பெனிக் காகிதங்களைக் கொண்டே உள்நாட்டு வணிகரின் ஏற்ற இறக்கத்தை எழுதியது. பழவேற்காட்டில் மலயா என்று அறியப்பட்ட அச்சுதப்ப செட்டியும் சின்னண்ண செட்டியும் இல்லாமல் டச்சுக்காரரால் ஒரு பொதி துணி வாங்கியிருக்க முடியாது என்பது அந்தக் காகிதங்களிலிருந்தே தெரிகிறது. முன்பணம் கம்பெனியிலிருந்து பெருவணிகருக்கும், அவரிடமிருந்து தரகருக்கும், தரகரிடமிருந்து தறிக்காரருக்கும் இறங்கியது. துணி அதே படிகளில் ஏறியது. தறிக்காரர் அந்தப் படியின் அடியில் நசுங்கிக் கிடந்தார் என்றுதான் நாம் எளிதாக எண்ணிக்கொள்கிறோம். பிரசன்னன் பார்த்தசாரதி 2001இல் வெளியிட்ட ஆய்வு வேறு சித்திரம் தருகிறது: 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகும் உரிமை நெசவாளருக்கு இருந்தது, கொடுத்த வணிகருக்கு அந்த வசதி இல்லை, ஆங்கிலக் கம்பெனி அரசாக மாறிய பிறகுதான் அந்த உரிமை முறிக்கப்பட்டது. நெசவாளரின் குரலை நேரே கேட்க வேண்டுமானால் கல்வெட்டுக்குப் போகலாம். சங்கும் தண்டும், அதாவது சங்கு ஊதவும் தண்டிகையில் செல்லவும், 15ஆம் நூற்றாண்டில் வேற்றூர்க் கைக்கோள நெசவாளர் உரிமை கேட்டபோது அவர்கள் காட்டிய முன்னுதாரணம் காஞ்சிபுரத்துக் கைக்கோளர். விஜயா ராமசுவாமி தம் நெசவாளர் வரலாற்றில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். கல்லில் தம் மரியாதையை வெட்ட வைத்த ஒரு கூட்டத்தை வரலாற்றில் ஊமை என்று எழுதுவது நம் சோம்பல்.

இந்தக் கோணத்தில் பார்த்தால் கோட்டையின் வீழ்ச்சிக்கும் வேறு தேதி கிடைக்கிறது. 1780 செப்டம்பர் 10ஆம் நாள் இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத புள்ளலூரில் ஆங்கிலத் தளபதி பெய்லியின் படையை மைசூரின் ஹைதர் அலி தரப்பு அழித்தது. அது ஆங்கிலேயரின் தோல்வி என்று பாடநூல்கள் சொல்கின்றன. ஆனால் அந்தப் படையெடுப்பில் கர்நாடக நாட்டின் ஊர்கள் எரிந்தன, வயலும் தறியும் கைவிடப்பட்டன, குடிகள் சிதறின. அடுத்த ஆண்டு ஆங்கிலேயர் கைப்பற்றிய சதுரங்கப்பட்டினத்துக்குத் துணி அனுப்ப வேண்டிய நாடு அதற்குள் குலைந்துவிட்டது. சிதறியவர்கள் பிறகு திரும்பினார்கள், தறி மீண்டும் ஓடியது. ஆனால் 1813க்குப் பின் லங்காஷயர் ஆலைத் துணி இந்தியச் சந்தைக்கே வரத் தொடங்கியது, சோழமண்டலத் துணியின் வெளிநாட்டுச் சந்தைகளும் ஒவ்வொன்றாக அடைபட்டன. 1818இல் டச்சுக்காரர் திரும்பி வந்தபோது கையில் கிடைத்தது சுவர்கள் மட்டுமே. அந்தக் கிடங்குகளை நிரப்ப யாருக்கும் தேவை இல்லை. ஏழே ஆண்டுகள் வைத்திருந்தார்கள்.

1824 மார்ச் 17இல் லண்டனில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி நெதர்லாந்து தன் இந்தியத் துறைகள் அனைத்தையும் மலாக்காவையும் பிரிட்டனுக்கு விட்டுக்கொடுத்தது. பதிலுக்குப் பெற்றவற்றுள் முக்கியமானது சுமத்ராத் தீவின் பென்கூலன், ஆங்கிலேயரின் பழைய மிளகுத் துறை. சதுரங்கப்பட்டினத்தில் கொடி இறங்கியது 1825 மார்ச் 1. கீழைத் தீவுகளின் மிளகையும் கிராம்பையும் வாங்கத்தான் இங்கே துணி சேர்த்தார்கள், துணி சேர்க்கத்தான் கிடங்கு கட்டினார்கள், கிடங்கைக் காக்கத்தான் மதில் எழுப்பினார்கள். இப்போது துணியில்லாமலே மிளகு கிடைத்துவிட்டது. கிடங்கையே விலையாகக் கொடுத்தார்கள்.